இரண்டாவது தடவை என்னைக் கேட்டார்கள்

முதல் தடவை என்னை யாரும் கேட்கவில்லை. இடப்பக்க மார்பில் கட்டி என்று எங்கள் மலையிலேயே இருக்கும் தானா ராத்தா ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். கீழே ஈப்போ நகரத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுத்தார்கள். ஈப்போவில் மார்பை எடுத்தார்கள். புண் ஆறியதும் கீமோ மருந்து ஏற்றினார்கள். வா என்ற நாளில் போனேன், கையை நீட்டு என்றபோது நீட்டினேன். அதில் எனக்கு வருத்தம் ஒன்றும் இல்லை. நான் பெரட்டுக்களத்தில் நின்று வளர்ந்தவள். பொழுது விடியுமுன் தேயிலை எடுக்கும் பெண்கள் எல்லாரும் அங்கே வரிசையாக நிற்போம். இன்றைக்கு எந்த மலை என்று கங்காணி சொல்வார். கூடையைத் தலையில் மாட்டிக்கொண்டு அந்த மலைக்குப் போவோம். உனக்கு எந்த மலை வேண்டும் என்று ஒருநாளும் எங்களை எவரும் கேட்டதில்லை. ஆஸ்பத்திரியையும் அப்படித்தான் எடுத்துக்கொண்டேன். டாக்டர் கங்காணி, நான் ஆள்.

அதற்குப் பிறகு பல வருஷம் சும்மா இருந்தது. ரவிக்கையின் இடப்பக்கம் பஞ்சு வைத்துத் தைத்துப் போட்டுக்கொண்டேன். கோயிலுக்கும் கல்யாணத்துக்கும் மட்டும்தான் அது. வீட்டில் இருக்கும்போது எதற்கு?

இரண்டாவது தடவை வலப்பக்கம் வந்தது. குளிக்கும்போது நானே கண்டுபிடித்தேன். சோப்பு வழுக்கிப்போன இடத்தில் அவரைக்கொட்டை மாதிரி ஒன்று கையில் தட்டியது. எனக்குத் தெரிந்த ஆள்தான், வேறு வாசல் வழியாக வந்திருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். துணியை மாற்றிக்கொண்டு வந்து மகனிடம் சொன்னேன். அவன் எஸ்டேட் தேயிலைத் தொழிற்சாலையில் வேலை செய்கிறான். அவன் வேலையால்தான் எஸ்டேட் ஆட்களுக்கு வரிசையாகக் கட்டிய இந்த லைன் வீடு எங்களிடம் இருக்கிறது. அவனுக்குக் கல்யாணம் அமையவில்லை, வீட்டில் நானும் அவனும்தான். அவன், "லீவு போடுறேம்மா" என்றான்.

அந்தப் பக்கத்தையும் எடுத்தார்கள். இப்போது இரண்டு பக்கமும் ஒன்றுபோல் இருப்பதால் பஞ்சுக்கு வேலை இல்லாமல் போய்விட்டது.

புண் ஆறியதைப் பார்க்க ஈப்போவுக்குப் போன நாளில்தான் அந்தக் கேள்வி வந்தது. டாக்டர் ஒரு சீனப் பெண். என் மகளைவிடச் சின்ன வயசு இருக்கும். மலாயில்தான் பேசினார், எஸ்டேட் மலாய் எனக்கும் தெரியும். மகள் ஈப்போவில் குடியிருப்பவள், என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். டாக்டர் அவசரப்படாமல் சொன்னார். கட்டியைச் சுத்தமாக எடுத்தாகிவிட்டது. தினமும் சாப்பிட ஒரு மாத்திரை இருக்கிறது, அதை எப்படியும் சாப்பிடவேண்டும். அதற்குமேல் கீமோவும் ஏற்றினால் நோய் திரும்பி வராமலிருக்க இன்னும் கொஞ்சம் உதவலாம். என் வயசுக்கு அந்தக் கொஞ்சம் எவ்வளவு என்று உறுதியாகச் சொல்ல முடியாது. போன தடவை மரத்துப்போன கையும் காலும் இந்தத் தடவை இன்னும் மரக்கலாம். மரத்தது திரும்பாமலே போகலாம்.

"ஏத்திக்கிட்டாலும் சரி, வேணாம்னாலும் அது தப்புன்னு நான் சொல்ல மாட்டேன். ஆண்ட்டிக்கு என்ன விருப்பம்?"

யாரைக் கேட்கிறார் என்று நான் திரும்பிப் பார்த்தேன். அதற்குள் மகள் முந்திக்கொண்டாள்.

"ஏத்திருங்க டாக்டர்."

டாக்டர் அவள் பக்கம் திரும்பவே இல்லை. "நான் ஆண்ட்டியத்தான் கேட்டேன்."

"யோசிச்சு சொல்றேன்" என்றேன்.

துரைமார் இந்த வார்த்தையைச் சொல்லிக் கேட்டிருக்கிறேன். லைன் கூரை ஒழுகுகிறது என்று போய் நின்றால், கையைப் பின்னால் கட்டிக்கொண்டு சொல்வார்கள். என் வாயில் அது வந்தது அன்றைக்குத்தான். நாற்காலியில் இன்னும் கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்தேன். அடுத்த தடவை வரும்போது சொல்லுங்கள் என்று டாக்டர் அனுப்பிவைத்தார்.

மகள்தான் காரில் மேலே கொண்டுவந்து விட்டாள். வளைவுக்கு வளைவு பேசிக்கொண்டே வந்தாள். போன தடவை ஏற்றிய மருந்துதான் இத்தனை வருஷம் கொடுத்தது என்றாள். இருக்கலாம், இல்லை என்று சொல்ல எனக்கு என்ன தெரியும்? பேரப்பிள்ளைகளைச் சொன்னாள். தம்பி தனியாகிவிடுவான் என்றாள். கடைசியில் தேயிலைக்கே வந்துவிட்டாள்.

"கவாத்து மாதிரின்னு நெனச்சுக்கம்மா. வெட்டும்போது மொட்டையாத்தான் இருக்கும். அப்பறம் தளதளன்னு தழையும்ல?"

"செடியக் கேட்டுக்கிட்டா கவாத்து வெட்டுறாங்க?"

"அதுக்கில்லம்மா..."

"என்னையக் கேட்டிருக்காங்க. நான் சொல்லிக்கிறேன். நீ ரோட்டப் பாரு."

அந்த நாட்களில் நான் நினைத்துக்கொண்டிருந்தது சாவைப் பற்றி அல்ல. அது எப்படியும் வரும் வழியில்தான் இருக்கிறது. நினைத்ததெல்லாம் ஒரு செருப்பைப் பற்றி.

முதல் தடவை மருந்து ஏற்றி வந்தபோது வாந்தி, முடி கொட்டுவது, வாய்ப்புண் எல்லாம் வந்தன, போயின. கடைசியாக வந்தது மரப்பு. விரல் நுனியில் தொடங்கி, பாதத்தில் இறங்கி உட்கார்ந்துகொண்டது. லைனுக்குப் பின்னால் சரிவில் எனக்கு ஒரு துண்டு நிலம் இருக்கிறது. பீன்சும் கீரையும் போட்டிருப்பேன். ஒருநாள் மழை விட்ட நேரத்தில் அங்கே போய்க் கீரை பறித்துக்கொண்டு திரும்பி வந்தேன். பக்கத்து வீட்டு வாசலில் நின்ற என் நாத்தனார் கத்தினாள்.

"அண்ணி! ஒத்தக் காலு செருப்பு எங்க?"

குனிந்து பார்த்தேன். இடது காலில் செருப்பு இல்லை. கண்ணாடித் துண்டு குத்தி, படியெல்லாம் ரத்தம். எனக்கு ஒன்றும் தெரியவில்லை. லைனே சிரித்தது, நானும் சிரித்தேன். மறுநாள் மகன் போய்த் தேடினான். செருப்பு சரிவின் அடியில், வாய்க்கால் சேற்றில் செருகி நின்றதாம். அவ்வளவு மேட்டையும் நான் வெறுங்காலால் ஏறி வந்திருக்கிறேன். வலித்திருந்தால்கூடப் பரவாயில்லை. என் கால் என்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் போய்விட்டதே என்றுதான் எனக்கு இருந்தது.

வருஷக்கணக்கில் அது கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பி வந்தது. வந்துவிட்டது என்றுதான் நினைத்திருந்தேன். இந்த மலையில் படிக்கட்டு இல்லாத இடமே கிடையாது. குளியலறைக்குப் படி, சாமான் வாங்கப் படி, கோயிலுக்குப் படி. எல்லாவற்றிலும் பாசி. கால் சொல்வதைக் கேட்டுத்தான் இங்கே நடக்க முடியும்.

மகன், "நீ என்ன சொல்றியோ அதாம்மா" என்றான். ஆனால் அந்த ஞாயிற்றுக்கிழமை மரக்கட்டையும் ஆணியும் கொண்டுவந்து குளியலறைப் படியோரம் ஒரு கைப்பிடி அடித்தான்.

"இத யாரு கேட்டா?"

"இருக்கட்டும்மா."

நான் ஏற்றிக்கொள்வேன் என்று அவன் முடிவு கட்டிவிட்டான் என்று தெரிந்தது. பிறகு பார்த்தால் அதுவும் சரியில்லை. எப்படியானாலும் ஒருநாள் வேண்டியிருக்கும் என்று நினைத்திருப்பான். அவனிடம் கேட்டால் சொல்ல மாட்டான், செத்துப்போன என் வீட்டுக்காரர் மாதிரி.

என் நாத்தனாரைப் பற்றிச் சொல்லவேண்டும். என் வீட்டுக்காரரின் தங்கை அவள். பக்கத்து வீடு. கியா பார்மில் ரோட்டோரக் கடையில் வேலை செய்கிறாள். மேலே வரும் டூரிஸ்டுகளுக்கு அவித்த சோளமும் ஸ்ட்ராபெரியும் விற்கிற கடை. முதல் தடவை நான் படுத்தபோது வாந்திச் சட்டியைக் கழுவியது அவள்தான். மகளுக்குக் கைக்குழந்தை, மகனுக்கு வேலை. அவள் ஒருத்திதான் என்னை முழுதாகப் பார்த்தாள்.

அவளுக்கு ஒரு பழக்கம் உண்டு. எதற்கும் மாரியம்மனைக் கேட்பாள். எங்கள் எஸ்டேட் கோயிலில் பூப் போட்டுப் பார்ப்பார்கள். வெள்ளைப் பூ ஒரு பொட்டலம், சிவப்புப் பூ ஒரு பொட்டலம், வெளியே பார்த்தால் இரண்டும் ஒன்றுபோல் இருக்கும். இன்ன காரியம், வெள்ளை வந்தால் செய்யலாம், சிவப்பு வந்தால் வேண்டாம் என்று சொல்லி, சாமி காலடியில் போட்டு ஒன்றை எடுப்பார்கள். வேலை மாறுவதா, மகளைக் கொடுப்பதா என்று பெரிய காரியங்களுக்குத்தான் மற்றவர்கள் கேட்பார்கள். இவள் கேஸ் அடுப்பு வாங்குவதற்கே கேட்டவள். வெள்ளை வந்தது. அடுப்பு மூன்று மாதத்தில் கெட்டுப்போனது. "அடுப்பு வாங்கலாமான்னுதானே கேட்டேன், இந்தக் கடையில வாங்கலாமான்னு கேக்கலையே" என்றாள்.

நான் ஒருநாளும் பூப் போட்டுக் கேட்டதில்லை. சாமி நம்பிக்கை இல்லாமல் அல்ல. அதில் ஒரு கட்டு இருக்கிறது. கேட்டால் கட்டுப்படவேண்டும். வந்ததை மீறக்கூடாது, வந்தது பிடிக்கவில்லை என்று மறுபடி போடவும் கூடாது. கட்டுப்படுகிற வேலையை நான் பெரட்டுக்களத்திலேயே போதுமான அளவு செய்துவிட்டேன். வெள்ளிக்கிழமை விளக்குப் போடுவேன், கும்பிடுவேன், வந்துவிடுவேன்.

அப்படி ஒரு வெள்ளிக்கிழமைதான் நாத்தனார் என் குசினி வாசலில் வந்து நின்றாள். கையில் காகிதத்தில் மடித்த திருநீறு.

"அண்ணி, ஆத்தா உத்தரவு குடுத்துட்டா. வேணாமாம்."

"எது வேணாமாம்?"

"கீமோதான். செவப்பு வந்துச்சு."

வெங்காயம் அரிந்துகொண்டிருந்த கத்தியைக் கீழே வைத்தேன். "யாரு கேக்கச் சொன்னா?"

"யாரு சொல்லணும்? உங்க பேரு, நட்சத்திரம் சொல்லி நான்தான் கேட்டேன்."

"என்னையக் கேட்டியா மொதல்ல?"

"உங்களக் கேட்டா பூப் போட வேணாம்னுதானே சொல்லுவீங்க?"

திருநீற்றை நீட்டினாள். வாங்கி மாடத்தில் வைத்தேன், பூசிக்கொள்ளவில்லை. அவள் அதைக் கவனித்தாள்.

உண்மையில் அந்த வெள்ளிக்கிழமைக்குள் நான் முக்கால் தூரம் வேண்டாம் என்கிற பக்கம் வந்திருந்தேன். நானாக, மெதுவாக, செருப்பை நினைத்து நினைத்து வந்து சேர்ந்த தூரம் அது. போய்ச் சேர இருந்த இடத்தில் இவள் முன்னாடியே போய் உட்கார்ந்துகொண்டு, வாங்க அண்ணி என்கிறாள். இனி வேண்டாம் என்று சொன்னால் ஆத்தா சொன்னதை நான் கேட்டதாக ஆகும். வேண்டும் என்றால் ஆத்தாவை மீறியதாக ஆகும். எப்படிச் சொன்னாலும் அதில் நான் இல்லை. என் வாழ்நாளில் என்னைக் கேட்ட ஒரே ஒரு கேள்வி அது. அதைத் தூக்கிக்கொண்டு போய் வேறொருத்தியிடம் கேட்டுவிட்டு வந்து நிற்கிறாள்.

மறுநாளே லைன் முழுக்கத் தெரிந்துவிட்டது. சாமான் வாங்கப் போனால், "ஆத்தாளே சொல்லிட்டா, இனி என்ன கவல" என்றார்கள். யாரோ மகளுக்கும் போன் போட்டுவிட்டார்கள். அடுத்த சனிக்கிழமை அவள் கிளம்பி வந்தாள். பள்ளி லீவு. மேலே வரும் ரோடெல்லாம் டூரிஸ்ட் கார். பிரிஞ்சாங் ஊரைத் தாண்டவே அரை நாள் ஆகியிருக்கிறது. பசியும் கோபமுமாக உள்ளே வந்தாள். நாத்தனார் அப்போது என் வீட்டில்தான் இருந்தாள்.

"அத்தே, உங்க ஆத்தா எந்த யுனிவர்சிட்டியில டாக்டருக்குப் படிச்சா?"

"ஒங்க டாக்டரு படிச்ச யுனிவர்சிட்டிக்குக் கதவு தொறந்து விட்டவளே ஆத்தாதான்டி."

"எங்கம்மா உசுரு லா இது! கேஸ் அடுப்பு இல்ல!"

"ஒங்கம்மா உசுரப் புடிச்சு வச்சது யாருடி? சட்டி சட்டியா அள்ளிக் கொட்டுனது யாரு? நீ வந்து பாத்தியா? போன்ல 'அம்மா எப்படி இருக்காங்க'ன்னு கேட்ட. நான் சொன்னேன், 'நல்லா இருக்காங்க'ன்னு. நல்லா இருந்தாங்களா அன்னிக்கு? தண்ணி எறங்கல தொண்டையில!"

மகள் கண் கலங்கியது. நாத்தனாருக்கும்தான். எனக்கு இரண்டு பேர் மேலும் இரக்கம் வந்திருக்கவேண்டும். வரவில்லை. இருவரும் என் தலைக்கு மேலாகத்தான் பேசினார்கள். நடுவில் நான் சோற்றுச் சட்டியோடு நின்றேன்.

"ரெண்டு பேரும் உக்காந்து சாப்புடுங்க" என்றேன். இருவரும் உட்கார்ந்தார்கள். ரசம் ஊற்றும்போது சொன்னேன்: "நான் ஏத்திக்கிறேன்."

மகள் எழுந்து வந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். நாத்தனார் சோற்றைப் பிசைந்தபடியே இருந்தாள். அப்புறம் தட்டை எடுத்துக்கொண்டு தன் வீட்டுக்குப் போய்விட்டாள்.

சொன்னது என் வாய்தான். ஆனால் அது நாத்தனாரைப் பார்த்துச் சொன்ன வார்த்தை, கீமோவைப் பார்த்துச் சொன்னது அல்ல. இது எனக்கு அன்று சாயங்காலமே தெரிந்துவிட்டது. சொன்ன சொல்லை மாற்றுவது எனக்குப் பழக்கம் இல்லை. அதனால் அதை அப்படியே வைத்துக்கொண்டு ஈப்போவுக்கு இறங்கினேன்.

டாக்டர் முதலில் கேள்விக்கு வரவில்லை. காலைப் பார்க்கவேண்டும் என்றார். கட்டிலில் படுத்துக் கண்ணை மூடிக்கொள்ளச் சொன்னார். பஞ்சு மாதிரி ஏதோ ஒன்றால் தொடுவாராம், தெரியும்போதெல்லாம் நான் 'ம்' சொல்லவேண்டும். வலது கால் சுண்டுவிரல், ம். பெருவிரல், ம். உள்ளங்கால், ம். குதிகால், ம். கொஞ்சம் கூசக்கூடச் செய்தது. அப்புறம் அவர் நிறுத்திவிட்டார். எழுதிக்கொண்டிருக்கிறார் போலும் என்று காத்திருந்தேன். இடது காலை எப்போது தொடுவார் என்று காதைத் தீட்டிக்கொண்டு படுத்திருந்தேன்.

"முடிஞ்சிருச்சு ஆண்ட்டி. கண்ணத் தொறங்க."

"எடது காலு?"

"அதையும் பாத்துட்டேன். குதிகாலுக்கு மட்டுந்தான் 'ம்' சொன்னாங்களா?" என்று மகளைப் பார்த்தார். நான் குதிகாலுக்கும் சொல்லவில்லை என்று மகள் சொன்னாள். மெதுவாகத்தான் சொன்னாள்.

எழுந்து உட்கார்ந்து இடது காலைப் பார்த்தேன். என் கால்தான். நகம் வெட்டி, மஞ்சள் தேய்த்துக் கழுவிக்கொண்டு வந்த கால். எல்லாம் திரும்பிவிட்டது என்று இத்தனை நாள் நம்பிக்கொண்டிருந்தேன். திரும்பவில்லை. பார்த்துப் பார்த்து வைக்கப் பழகியிருக்கிறேன், அவ்வளவுதான். வலது கால் ஒன்றுதான் இந்த மலையில் எனக்கு வேலை செய்துகொண்டிருக்கிறது.

டாக்டர் தன் நாற்காலியை இழுத்து எனக்கு எதிரே போட்டுக்கொண்டார். "இப்ப சொல்லுங்க. ஆண்ட்டிக்கு என்ன விருப்பம்?"

"ஏத்தினா அந்தக் காலும் இப்படி ஆகுமா?"

"ஆகலாம். ஆகாமயும் இருக்கலாம்."

"ஏத்தலேன்னா நோய் திரும்பி வருமா?"

"வரலாம். வராமயும் இருக்கலாம்."

இரண்டுக்கும் ஒரே பதில்தான். அது எனக்குப் பிடித்திருந்தது. தெரியாததைத் தெரியாது என்று முகத்துக்கு நேரே சொல்கிறவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை.

"வேணாம் டாக்டர். மாத்திர மட்டும் குடுங்க."

மகள் "ம்மா" என்றாள். டாக்டர் கையைக் காட்டி அவளை நிறுத்தினார். கோயில் விஷயத்தை மகள் முன்பே அவரிடம் சொல்லியிருப்பாள் போல. "வேற யாராவது சொன்னதுக்காகவா?" என்று கேட்டார்.

"சாமி ஒண்ணு சொல்லிருச்சு. மக ஒண்ணு சொல்லிருச்சு. இது நான் சொல்றது."

அவர் சிரிக்கவில்லை. தலையாட்டினார். சில வாரத்துக்குள் மனசு மாறினால் போன் பண்ணுங்கள், அதற்குப் பிறகு ஏற்றிப் பலன் இல்லை என்றார்.

திரும்பி வரும்போது மகள்தான் கார் ஓட்டினாள். மலை ஏறத் தொடங்கியதும் ஒன்றே ஒன்று சொன்னாள்: "கடைசியில அத்தை ஜெயிச்சிட்டாங்க."

பஞ்சு தொட்டபோது தெரியவில்லை, இது நன்றாகவே தெரிந்தது. காலைப் பற்றிச் சொல்லலாம், நீயே பார்த்தாயே என்று சொல்லலாம். சொல்லவில்லை. விளக்கம் சொன்னால் அனுமதி கேட்கிற மாதிரி ஆகிவிடும். ஜன்னலைக் கொஞ்சம் இறக்கிவிட்டேன். மேலே ஏற ஏறக் குளிர் வந்தது.

நாத்தனார் லைன் முழுக்கக் கொட்டு அடித்துச் சொல்வாள், நான் காதைப் பொத்திக்கொண்டு இருக்கவேண்டியதுதான் என்று எதிர்பார்த்து இறங்கினேன். வாசலில்தான் நின்றாள். "வேணாம்னு சொல்லிட்டேன்" என்றேன். அவள் முகம் மலரவில்லை. "அப்படியா அண்ணி" என்றாள். உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

கொட்டு அடித்ததெல்லாம் மற்றவர்கள்தான். ஆத்தா சொல்லை மதித்தாள், கிழவிக்கு இனி ஒன்றும் வராது என்றார்கள். பூசாரி எனக்காகத் தனியாக ஒரு எலுமிச்சம்பழம் அனுப்பினார். நாத்தனார் மட்டும் என் பக்கமே வரவில்லை. காலையில் வேலைக்குப் போவாள், சாயங்காலம் வருவாள், நான் வாசலில் இருந்தால் தலையைக் குனிந்துகொண்டு போவாள். நான் அவளோடு கோபமாக இருக்கவேண்டிய நேரத்தில் அவள் என்னோடு கோபமாக இருக்கிறாளா என்று எனக்கு எரிச்சலாக இருந்தது.

ஒரு வாரம் இப்படிப் போனது. பிறகு ஒருநாள் சாயங்காலம், கடையில் விற்காத சோளம் நாலைந்தைப் பையில் போட்டு எடுத்துக்கொண்டு வந்தாள். குசினியில் பலகையில் உட்கார்ந்தாள். பையை மடியிலிருந்து இறக்கவில்லை.

"அண்ணி, நீங்க வேணாம்னது நான் பூப் போட்டதாலயா?"

"ஏன் கேக்குற?"

"சொல்லுங்களேன்."

"ஏன் கேக்குறன்னு மொதல்ல சொல்லு."

அவள் சோளத்தின் நாரை ஒவ்வொன்றாகப் பிய்த்தாள். "மொதல்ல வெள்ளதான் வந்துச்சு."

எனக்கு உடனே புரியவில்லை.

"ஏத்திக்கலாம்னுதான் ஆத்தா சொன்னா, அண்ணி. வெள்ளப் பூ. எனக்கு மனசே ஆகல. அந்தச் சட்டி, அந்தத் தொண்ட, எல்லாம் கண்ணு முன்னால வந்துருச்சு. சரியா கலக்காமப் போட்டிருப்பேன்னு நெனச்சு, பூசாரி பாக்காதப்ப மறுக்கா போட்டேன். அப்பத்தான் செவப்பு வந்துச்சு." மூக்கைச் சேலையில் துடைத்தாள். "நீங்க எங்க நான் சொல்றதக் கேக்கப் போறீங்கன்னு தைரியமா இருந்தேன். எப்ப நீங்க நான் சொன்னதக் கேட்டிருக்கீங்க? நீங்க கேட்டுட்டீங்களேன்னுதான் எனக்கு ராத்திரி தூக்கமே இல்ல."

எனக்குச் சிரிப்பு வந்தது. அடக்கப் பார்த்தேன், முடியவில்லை. இரண்டு பக்கத் தழும்பும் இழுத்தது, கையை வைத்து அழுத்திக்கொண்டு சிரித்தேன். அவள் பயந்து போனாள்.

"சிரிக்காதீங்க அண்ணி. டாக்டரு போன் பண்ணலாம்னு சொன்னாங்களாமே, ஒங்க மக சொல்லுச்சு. இன்னும் நாளு இருக்கு. போன் போட்டு ஏத்திக்கிறேன்னு சொல்லுங்க. ஆத்தா சொன்னத மீறக்கூடாது. மீறினா குத்தம் எனக்குத்தான் வரும், ஒங்களுக்கு வராது. ஆனா ஒங்களுக்கு நோய் வந்துருமே!"

அப்போதுதான் சிரிப்பு நின்றது. பயம் இல்லை என்று சொன்னால் பொய். வெள்ளைப் பூ என் பேருக்கு, என் நட்சத்திரத்துக்கு விழுந்திருக்கிறது. டாக்டர் ஆகலாம், ஆகாமலும் இருக்கலாம் என்றார். ஆத்தா அப்படிச் சொல்பவள் அல்ல. போன் மகனுடையது, மேசைமேல்தான் இருந்தது. அதைக் கொஞ்ச நேரம் பார்த்தேன். அடுப்பில் தண்ணீர் கொதித்தது.

இடது காலைச் செருப்பிலிருந்து எடுத்து சிமெண்டுத் தரையில் வைத்தேன். ஒன்றும் இல்லை. வலது காலை வைத்தேன். சில்லென்றது.

"ஆத்தாள யாரு கேட்டா?" என்றேன்.

"நாந்தான்."

"அப்ப ஒனக்குத்தான் சொல்லியிருக்கா. எனக்குச் சொல்லல. நீ வேணும்னா போய் ஏத்திக்க."

"அண்ணி!"

"சோளத்த இங்க குடு. நாரெல்லாம் பிச்சு வச்சிருக்க. தண்ணி கொதிக்குது, வா, அவிச்சுத் தின்னலாம்."

அவள் கொஞ்ச நேரம் அழுதாள். பிறகு சோளத்துக்கு உப்பு போதாது என்றாள். வேலை முடிந்து மகன் வந்தபோது நாங்கள் இருவரும் எட்டிப் பிடிக்கும் தூரத்தில் உட்கார்ந்து தின்றுகொண்டிருந்தோம். என்ன விஷயம் என்று அவன் கேட்கவில்லை. தனக்கு ஒன்று எடுத்துக்கொண்டான்.

போன் பண்ணவேண்டிய நாள் போய்விட்டது. நான் பண்ணவில்லை. லைனில் இன்னும் எல்லாரும் ஆத்தா சொன்னதைத்தான் நான் கேட்டதாகப் பேசிக்கொள்கிறார்கள். முதலில் விழுந்தது வெள்ளை என்று எனக்கும் நாத்தனாருக்கும் மட்டும்தான் தெரியும். மகளிடம்கூடச் சொல்லவில்லை. அத்தை ஜெயித்ததாகவே அவள் வைத்துக்கொள்ளட்டும்.

மாத்திரையைக் காலையில் தேத்தண்ணியோடு போட்டுக்கொள்கிறேன். மகன் அடித்த கைப்பிடியில் இப்போதைக்குத் துண்டு காய்கிறது. சரிவில் இருக்கும் என் துண்டு நிலத்துக்குப் போய்வருகிறேன். இடது காலைக் கண்ணால் பார்த்து வைக்கிறேன், வலது காலை அதன் போக்கில் விட்டுவிடுகிறேன். வெள்ளிக்கிழமை கோயிலுக்கும் போனேன். விளக்குப் போட்டுக் கும்பிட்டேன். பூசாரி, "என்னம்மா, ஏதாவது கேக்கணுமா?" என்றார்.

"ஒண்ணும் இல்ல" என்று சொல்லிவிட்டுப் படி இறங்கினேன்.